பாண் பச்சை பிடிக்கும் வரை

புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

பின்னறை இன்கியுபேட்டருக்கு மேலே, ஒரு சோசரில், பேக்கரிப் பாண் ஒரு துண்டு ஏன் கிடக்கிறது என்று முதல் நாளே கேட்டீர்கள். கிருமி சோதிக்கும் அறையில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது என்று நாங்களே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்த அறிவித்தலுக்கு நேர்கீழே பாண். பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன்.

இப்படிப்பட்ட அனுபவக் கதைகளைத் தலை நரைத்தவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. வேறிடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த கிழமையிலிருந்து இந்த மேசை உங்களுடையது, அவ்வளவுதான். கிருமியைக் கொல்லுமா என்று நாம் சோதிக்கும் கராம்பு, கறுவா எண்ணெய்களை எப்படிக் கரைப்பது, எந்தத் தட்டில் எவ்வளவு விடுவது என்பதெல்லாம் செய்முறைத் தாள்களில் இருக்கின்றன. பட்டியல் போடுவது என் பழக்கம். அந்தத் தாள்களில் பாதி நான் போட்ட பட்டியல்கள்தான். இந்த விஷயத்தையும் பட்டியலாக்கப் பார்த்தேன். முதல் வரிக்கு மேல் நகரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பின்னறையின் மணம் உங்களுக்கு இன்னும் புதிது. கராம்பு, கறுவா இலை, எலுமிச்சைப்புல் எல்லாம் கலந்த மணம். ஒரு மாதம் போனால் அது உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர்கள்தான் சொல்வார்கள். நான் வந்த காலத்திலேயே அந்த அறை எங்களுக்குப் பெருமை. நீங்கள் கொழும்பில் வளர்ந்தவர்கள். மழை தொடங்கினால் இந்தக் கடலோரத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். அலமாரியில் வைத்த தோல் சப்பாத்து பச்சை பிடிக்கும். பாண் இரண்டு நாள் தாங்காது. வெள்ளவத்தையில் சுவரே வியர்க்கிற மாதங்களிலும் எங்கள் பின்னறையில் ஒன்றும் பழுதாகவில்லை.

ஒரு தடவை சுற்றிப் பார்த்து மனதுக்குள் எண்ணினேன். ரிஸ்வானா மறந்து விட்டுப்போன பணிஸ், அந்த உருண்டைப் பாண். யாரோ தேநீருக்கு வெட்டிய தேசிக்காயின் மற்றப் பாதி. ஜன்னல் விளிம்பில் செத்துக்கிடந்த ஒரு பல்லி. பணிஸ் காய்ந்திருந்தது, ஆனால் ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை. தேசிக்காய் மரக்கட்டைபோல் ஆகியிருந்தது. பல்லி நாறவில்லை. எறும்பு வந்து இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. திறந்த கண்ணோடு, நேற்றுத்தான் செத்ததுபோல, கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ரிஸ்வானா மாளிகாவத்தையிலிருந்து வருகிறவள், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். பணிசைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாருங்க, பெருநாளைக்கு முந்தி விட்டுட்டுப் போனது. மௌத்தாகியும் அழுகாம ஈக்குது."

"கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு வாங்க," என்றார் அன்ரன். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், எங்களை விடச் சில வருடங்கள் மூத்தவர், கிருமி வளர்ப்பதில் எங்கள் எல்லோரையும் விடக் கைப்பழக்கம் உள்ளவர். "கண்ணாடிப் பெட்டியில வைப்பம். அழுகாத உடம்பெண்டா எங்கட சனம் லைன் கட்டும்."

"ஒங்கட சனம் பணிசுக்கும் மெழுகுதிரி கொளுத்தும்."

"கொளுத்தினா என்ன? கேட்டது கிடைச்சாச் சரிதானே."

சிரித்தோம். எங்கள் அறை அவ்வளவு சுத்தம் என்று நினைத்தோம். பழுதாகாத அறை நல்ல அறை என்று நினைத்த அந்த இடத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

எறும்பு இல்லாததற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். கிருமிக்கு நாங்கள் கொடுக்கும் உணவு, அந்த ஜெலி போன்ற ஏகார், எறும்புக்கும் பிடித்த உணவு. கொழும்பில் எந்த ஆய்வுகூடத்திலும் எறும்புப் பிரச்சினை உண்டு, எங்களிடம் மட்டும் இல்லை. எண்ணெய் அளந்த பிறகு குழாய் நுனியைப் பஞ்சால் துடைப்போம். அந்தப் பஞ்சைக் குப்பையில் போட ஒருவருக்கும் மனம் வராது. ஒரு சொட்டுக்கு எவ்வளவு கறுவா இலை போகிறது என்று தெரிந்தவர்கள் நாங்கள். ஜன்னல் இடுக்கில், மேசைக் காலடியில், வயர் போகும் ஓட்டையில், இடுக்குக் கண்ட இடத்தில் செருகிவிடுவோம். எறும்பு அந்தப் பக்கம் வராது. யார் தொடங்கிய பழக்கம் என்று தெரியாது. எனக்கு முன்னேயே இருந்தது. எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

இனித் தட்டுகள். எண்ணெய் விட்ட தட்டோடு, எண்ணெய் விடாத தட்டு ஒன்றையும் கூடவே வைக்கிறோம். அதுதான் கொன்ட்ரோல். அதில் கிருமி தட்டு முழுவதும் மூடி வளர வேண்டும். அது வளர்ந்தால்தான் எண்ணெய்த் தட்டில் வளராததற்கு ஓர் அர்த்தம் உண்டு. தட்டின் ஓரத்தில் மார்க்கரால் பெயர் எழுதி, இன்கியுபேட்டருக்குள்ளே, பெயர் அதன் கதவுப் பக்கம் பார்க்க அடுக்குகிறோம். அசைக்காமலே வாசிக்கலாம். இதுவும் எங்கள் பழக்கம். நீங்களும் இப்போது அப்படித்தான் அடுக்குகிறீர்கள்.

அந்த மாதங்களில் எங்கள் கொன்ட்ரோல் தட்டுகள் முழுவதும் மூடவில்லை. பெயர் எழுதிய பக்கத்தில் மட்டும் பிறைபோல ஒரு வளர்ச்சி. மற்றப் பக்கம் வெறும் ஏகார், துடைத்துவிட்டதுபோல.

"இதுகளுக்கு வாசிக்கத் தெரியும் போல," என்றாள் ரிஸ்வானா. "பேருக்குக் கீழயே குந்தி ஈக்குது."

ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். ஏகார் ஒரு பக்கம் மெல்லிதாக ஊற்றப்பட்டிருக்கிறது என்றேன் நான். மேசை சரிவு என்றார் அன்ரன். கிருமி பூசிய கை களைத்த கை என்றாள் ரிஸ்வானா. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு விசித்திரத்துக்கு விளக்கமே இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை, யாராவது தேடுவார்கள். மூன்று விளக்கங்கள் இருந்தால்தான் பயப்பட வேண்டும். நான்காவதை யாரும் தேடமாட்டார்கள்.

அன்ரனின் அம்மாவை நாங்கள் ரீட்டா அன்ரி என்போம். கொட்டாஞ்சேனையில் வீடு. நத்தாருக்குக் கேக் அனுப்புவார், அன்ரனின் சாப்பாட்டுப் பெட்டியில் எங்களுக்கும் சேர்த்துக் கறி வைப்பார். அவருக்கு வெகுகாலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. வலது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். தாமதித்தால் பாதம் போகும், அதற்கும் தாமதித்தால் விஷம் இரத்தத்தில் ஏறும் என்றார்கள். அன்ரி வார்ட்டில் படுத்துக்கொண்டு, கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்ரன் ஒருவரிடமும் சொல்லாமல் அந்தப் புண்ணைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து, எங்கள் அறைக்குக் கொண்டுவந்து, கராம்பு எண்ணெயோடு சோதித்திருந்தார். அது விதிக்குப் புறம்பு. அதைப்பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கவும் மாட்டேன்.

ஒப்பரேஷனுக்கு முந்தின நாள். மழை. நான் முன்னறையில் இருந்தேன்.

"மது! மது, இங்க வாங்க! ஒண்டுமில்ல! ஒண்டுமே இல்ல!"

ஓடிப்போனேன். அன்ரன் எண்ணெய்த் தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிபோல் இருந்தது தட்டு.

"கொன்ட்ரோல் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"வளந்திருக்கு. இந்தா, வளந்திருக்குத்தானே. இதில ஒரு புள்ளி காட்டுங்க பாப்பம்."

"சேரிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டு…" எங்கள் ஆய்வுகூடத் தலைவரைச் சேர் என்போம்.

"சேர் இரத்மலானையில. அம்மா நாளைக்குக் கத்திக்குக் கீழ. நான் ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறது?" குரல் தாழ்ந்தது. "நேத்து ஒரு சொட்டுப் பூசினனான், மது. நோ நிண்டிட்டுதாம். எத்தினை கிழமையா நித்திரையில்லாத மனுசி. நேத்து நித்திரை கொண்டவ."

எண்ணெய்ப் போத்தலைச் சட்டைப்பையில் போட்டார். குடையை எடுத்தார். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினார். நான் தடுக்கவில்லை. அவருடைய முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கொன்ட்ரோல் தட்டு மேசையில் கிடந்தது. அதன் ஓரத்தில் அன்ரன் நோயாளியின் இலக்கம் எழுதவில்லை, 'அம்மா' என்று எழுதியிருந்தார். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வழக்கமான பிறை. சாம்பல் நிறத்தில், 'அம்மா' என்ற எழுத்துக்கு அடியில், விளிம்போடு ஒட்டிக்கொண்டு. பிறையின் உள்பக்கம் ஒரே அளவில் முடியவில்லை. ஓரத்தில் அடர்த்தி, நடுவை நோக்கி வர வரச் சிறிய புள்ளிகள், பிறகு இன்னும் சிறியவை, பிறகு ஒன்றுமில்லை.

ரிஸ்வானாவின் பகிடி நினைவுக்கு வந்தது. பெயருக்குக் கீழே குந்தியிருக்கின்றன. தட்டைத் திருப்பிப் பிடித்தேன். அவை பெயரைத் தேடி வரவில்லை. மற்றப் பக்கத்திலிருந்து ஒதுங்கி நின்றன. பெயர் எப்போதும் கதவைப் பார்த்து இருக்கும். அப்படியென்றால் மாதக்கணக்காக, ஒவ்வொரு தட்டிலும், உயிருள்ளவை எல்லாம் கதவுப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. பின்சுவர்ப் பக்கத்தில் எதற்கோ பயந்ததுபோல.

ஜன்னல் விளிம்பைத் திரும்பிப் பார்த்தேன். பல்லி கிடந்தது. அதுவும் கதவைப் பார்த்துத்தான் கிடந்தது.

ரயில் ஒன்று கடற்கரை ஓரமாகப் போனது, போத்தல்கள் மெல்ல அதிர்ந்தன. இன்கியுபேட்டரின் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு மிருகத்தின் வாய்போல் இளஞ்சூடு. தட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டிப் பின்சுவரைத் தடவினேன். காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. விரலுக்கு அந்த ஓட்டை தட்டுப்படவில்லை, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன். பஞ்சு. மண்ணிறமாகி, இறுகி. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. முடியும் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் விரல் நுனியில் அடுத்தது தட்டுப்பட்டது. இன்கியுபேட்டரைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். வெளிப்பக்கத்திலிருந்தும் செருகியிருந்தார்கள். எறும்பு நுழையக்கூடிய ஒரே வழி அதுதான் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

இளஞ்சூட்டில் அந்தப் பஞ்சுகள் இரவு பகலாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. எண்ணெய் விடாத தட்டு என்று எங்களிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. அன்ரனின் தட்டில் கிருமியை நிறுத்தியது அவர் விட்ட சொட்டா, இந்த ஆவியா என்று சொல்ல வழியில்லை.

ரிஸ்வானாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உதடு என்னுடையது இல்லைபோல் இருந்தது. பஞ்சை இழுத்த கையால் மூக்கைத் துடைத்தபோது உதட்டிலும் பட்டிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், தொடுவது தெரியவில்லை. நோகவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கொஞ்சம்கூட நோகவில்லை.

ரிஸ்வானா வந்து மேசையில் குவிந்த பஞ்சைப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

"இதில என்டதும் ஈக்கி," என்றாள்.

"எல்லாற்றயும் இருக்கு."

"அப்ப அன்ரன்ட உம்மாட தட்டு…"

சேருக்கு அழைத்தேன். அவருக்குப் பெயர் போடாமல் விடுகிறேன், இன்னும் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறவர். நல்ல மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீர் சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அது உம்மட ஊகம். திருப்பிச் செய்து பாக்காமல் நாங்கள் ஒரு முடிவும் வெளியில சொல்றதில்ல. நாளைக்குத் தட்டு வரட்டும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒண்டும் கதைக்க வேண்டாம்."

அந்த விதி சரியான விதி. உங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தந்திருக்கிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாளைக்குத் தட்டு வரும்போது அன்ரி வீட்டில் இருப்பார், காலில் கராம்பு எண்ணெயோடு, நோவில்லாமல், சந்தோசமாக.

பிறகு ஒன்று விளங்கியது. எனக்கு இந்தத் தொழிலில் விளங்கியவற்றில் பெரியது அதுதான். நான் போய்ச் சொல்லப்போவது ஒரு முடிவு இல்லை. எங்களிடம் முடிவு இல்லை என்று சொல்லப்போகிறேன். 'இது வேலை செய்கிறது' என்று சொல்லத்தான் திருப்பிச் செய்து பார்க்க வேண்டும். 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு நியாயமான சந்தேகம் போதும்.

உள்ளே போய் முத்திரை உடைக்காத சின்னக் கராம்பு எண்ணெய்க் குப்பி ஒன்றை எடுத்தேன். 'அம்மா' தட்டைப் போனில் படம் பிடித்தேன். திரீவீல் ஓட்டோவில் ஏறினேன். பாதி வழியில் சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, புரியாணி கொண்டு போகிறீர்களா தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றுவிட்டேன். கைகளைப் பலமுறை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

வார்ட்டில் அன்ரன் ஒரு பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்ரி கட்டிலின் விளிம்பில், துணி சுற்றிய காலைத் தொங்கப் போட்டபடி இருந்தார். நித்திரை கொண்ட முகம். பக்கத்தில் தாதி ஒருவர் படிவத்தோடு, பொறுமை இழந்து நின்றார்.

"மகளும் வந்திட்டா," என்றார் அன்ரி. "கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களா? மழைக்க ஏன் பிள்ளை?"

நான் அன்ரனிடம் போனை நீட்டினேன்.

"பாத்தனானே," என்றார்.

"வளர்ச்சி எந்தப் பக்கம்?"

"லேபல் பக்கம். எப்பவும் அப்பிடித்தானே…" நிறுத்தினார். அவர் எங்களில் கெட்டிக்காரர் என்று சொன்னேனே. அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய முகத்திலிருந்து அந்த வெளிச்சம் மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பின்னால என்ன இருந்தது?"

"பஞ்சு. காத்தோட்டை முழுக்க."

"நானும் வச்சனான்."

"எல்லாரும் வச்சது."

கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சடாரென்று நிமிர்ந்தார். "அதுக்காக எண்ணெய் வேலை செய்யாது எண்டு அர்த்தமில்லையே."

"இல்ல. தெரியாது எண்டுதான் அர்த்தம்."

"தெரியாததை வச்சு அம்மாட விரல வெட்டச் சொல்றீங்களா?"

"தெரியாததை வச்சு வெட்டாம விடப் போறீங்களா?"

"ரெண்டு பேரும் நல்லாக் கதைக்கிறீங்க," என்றார் அன்ரி. "கால் என்ட. கதை உங்கட." தாதி சிரித்துவிட்டார். அன்ரி சிரிக்கவில்லை. "மகள், பிளேட்டும் லேபலும் எனக்கு விளங்காது. எனக்கு விளங்கிறது ஒண்டுதான். இவன் அதைப் பூசினான், நோ நிண்டது. ஆறாட்டி நோ எப்பிடி நிக்கும்?"

இதற்குச் சொல்லில் விடை இல்லை என்று எனக்குத் திரீவீலில் வரும்போதே தெரியும். குப்பியைத் திறந்தேன். சுத்தமான பஞ்சில் ஒரு சொட்டு விட்டேன்.

"அன்ரி, இதை உதட்டுக்கு உள்பக்கம் வைங்க."

"பல்லுக்கு வைக்கிற சாமான்தானே."

"ஓம். அதேதான்."

வைத்தார். முகத்தைச் சுளித்தார், எரிகிறது என்றார். கொஞ்சம் பொறுத்தோம். வெளியே மழை கூரைத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. எரிவு போய்விட்டது என்றார்.

"இப்ப அந்த இடத்தை ஒருக்காக் கடியுங்க."

கடித்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, சின்னப் பிள்ளையின் விளையாட்டுக்கு இடம்கொடுப்பதுபோல், இன்னும் கொஞ்சம் கடித்தார்.

"ஒண்டும் தெரியேல்லயே."

"நோகேல்லயா?"

"இல்லப் பிள்ளை. உதடு இல்லாத மாதிரிக் கிடக்கு."

ஒரு ரிசூத் தாளை எடுத்து அவருடைய உதட்டின் உள்ளே ஒற்றி, அவர் கையில் கொடுத்தேன். அதில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார். மறுபடி ரிசூவைப் பார்த்தார்.

"இது என்ட இரத்தமா?"

"ஓம் அன்ரி. காயம் இருக்கு. உங்களுக்குச் சொல்றதை நிப்பாட்டியிருக்கு. காலிலயும் அதுதான்."

அன்ரன் பையைக் கீழே வைத்தார். அன்ரி குனிந்து, துணி சுற்றிய தன் காலை, முன்பின் தெரியாத யாரோ கட்டிலில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல், வெகுநேரம் பார்த்தார். கையை நீட்டித் துணிக்கு மேலே விரலால் அழுத்தினார். முகம் மாறவில்லை. இன்னும் அழுத்தினார். தாதி பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார்.

"உள்ளுக்க என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாமலே…" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அன்ரன் அழுதுகொண்டிருந்தார். "அழாத. பேனையைத் தா."

கையெழுத்து வைத்தார்.

மறுநாள் ஒப்பரேஷன் நடந்தது. வெளியில் தெரிந்ததை விட உள்ளே தூரம் போயிருந்ததாம். இரண்டு விரலோடு பாதத்தின் ஓரமும் கொஞ்சம் போனது. இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் நாங்கள் வேறு பேச்சுத்தான் பேசியிருப்போம் என்று டொக்டர் அன்ரனிடம் சொன்னார். அன்ரி இப்போது தடித்த அடி வைத்த செருப்போடு கோயிலுக்குப் போய் வருகிறார். ஓர் உதவியும் இல்லாமல், கொஞ்சம் சாய்ந்து.

சேர் என்னை ஒரு முற்பகல் முழுக்க ஏசினார். பிற்பகல் அந்த மாதங்களின் முடிவுகளை எல்லாம் மீளப் பெறுவதாக வாடிக்கையாளர்களுக்கு அவரே அழைத்துச் சொன்னார். இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருந்தது.

நாங்கள் அறையைக் கழுவினோம். பஞ்சு இருந்த இடுக்கெல்லாம் தோண்டினோம். பல்லியையும் பணிசையும் எறிந்தோம். ஜன்னல்களை மழைக்கே திறந்துவிட்டோம். அப்படியும் கொன்ட்ரோல் தட்டுகள் பிறையாகவே வந்தன. மரப்பலகை எண்ணெயைக் குடித்து வைத்திருந்தது. அறை எப்போது விடும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது ரிஸ்வானாதான் சோசரில் ஒரு துண்டுப் பாணை வைத்தாள். "இது மனுசர மாதிரி அழுகினாத்தான் நான் இங்க இரிப்பேன்," என்றாள்.

ஒவ்வொரு காலையும் வந்து முதலில் பாணைப் பார்த்தோம். வெள்ளையாக, சுத்தமாக, காய்ந்துகொண்டிருந்தது. மாற்றி வைத்தோம். அதுவும் வெள்ளையாகவே நின்றது. ஒரு நாள் கதவைத் திறந்தபோது ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு. அதே காலையில் ஜன்னலிலிருந்து இன்கியுபேட்டர் வரைக்கும் எறும்பு வரிசை. கிருமி ஆய்வுகூடம் ஒன்றில் எறும்பைக் கண்டு மூன்று பேர் கைதட்டியது அன்றைக்குத்தான் நடந்திருக்கும். அடுத்துப் போட்ட தட்டில் கிருமி முழுத்தட்டையும் மூடி, எழுதிய பெயரையே மறைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. அன்ரன் அங்கேயே நின்று அம்மாவுக்கு அழைத்துச் சொன்னார்.

அதிலிருந்து அன்ரிக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது. கிழமைக்கு ஒருதடவை அன்ரனுக்கோ எனக்கோ அழைப்பார். முதல் கேள்வி சுகம் விசாரிப்பது இல்லை.

"பாண் பழுதாயிட்டுதா மகள்?"

"ஓம் அன்ரி. நல்லாப் பழுதாயிட்டுது."

"மாதாவே, சந்தோசம்." பிறகுதான் மற்றப் பேச்சு.

இந்தக் கடிதத்தை நான் போகிற நாளில் தருவதாகத்தான் இருந்தேன். இன்றைக்கே தருவதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தக் கிழமை நான் வைத்த துண்டு இன்னும் வெள்ளையாக இருக்கிறது. வெளியே ஒரு கிழமையாக மழை விடவில்லை. முன்னறையில் என் மேசை லாச்சியில் இருந்த பிஸ்கட்டில்கூடப் பூஞ்சணம். பின்னறையில் எறும்பு இல்லை. காலையில் உங்கள் தட்டுகளைத் தொடாமல், குனிந்து பார்த்தேன். கிருமி பெயருக்குக் கீழே மட்டும் வளர்ந்திருக்கிறது.

எறும்புக்குப் பயந்து உங்களில் யாராவது எதையாவது எங்காவது செருகியிருந்தால் சொல்லுங்கள். ஏசமாட்டேன். நாங்கள் எல்லோரும் செருகியவர்கள்தான். ஒருவருமே செருகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படியானால் நாம் இன்னும் கவனமாகத் தேட வேண்டும்.

சற்று முன்னர் அன்ரி அழைத்தார். வழக்கமான கேள்வி. இல்லை அன்ரி, இன்னும் இல்லை என்றேன். மறுபக்கத்தில் அவருடைய செருப்பு நிலத்தில் ஒருமுறை உராய்வது மட்டும் கேட்டது.

"அப்ப ஆருக்கும் ஒண்டும் சொல்லாதீங்க மகள்," என்றார். "இன்னும் தெரியாதெண்டு மட்டும் சொல்லுங்க."

இன்கியுபேட்டரைச் சுவரிலிருந்து இழுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் வந்ததும் சேர்ந்து பார்ப்போம்.